ஆத்துமாக்களின் மாதத்தில் நான் எழுதிய பெயர்

அது ஒரு விசுக்கோத்துத் தகரம். எந்தக் காலத்திலோ நத்தார்ப் பண்டிகைக்கு யாரோ கொழும்பிலிருந்து கொண்டுவந்தது. மூடியில் ஒரு குதிரை வண்டி கீறியிருக்கும். குதிரையின் தலை துருப்பிடித்துப் போய், உடம்பு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். மூடியின் நடுவில் உளியால் நீட்டாக ஒரு ஓட்டை வெட்டியிருந்தார்கள். ஓரம் அராவாமல் விட்டதால் அவசரத்தில் விரல் பட்டால் கிழிக்கும். வருசத்தில் பதினொரு மாதமும் அது கோயில் அறையில், அலுமாரிக்கு மேலே, எரிந்து முடிந்த மெழுகுதிரித் துண்டுகளோடு கிடக்கும். நவம்பர் பிறக்கிற கிழமையில் கோயில் மூப்பர் அதைத் துடைத்துக் கொண்டுவந்து மாதா சுருவத்தின் காலடியில் வைப்பார். நாங்கள் எங்கள் வீட்டில் செத்தவர்களின் பெயர்களைக் கடதாசித் துண்டில் எழுதி அதற்குள் போடுவோம். அந்த மாதம் முழுக்க ஒவ்வொரு பூசைக்கும் முன்னால் மூப்பர் நாலைந்து துண்டுகளை எடுத்து வாசிப்பார். கோயிலே சேர்ந்து அந்த ஆத்துமாக்களுக்காக மன்றாடும். எழுதிக் கொடுத்தவர் யார் என்று துண்டில் இருக்காது. செத்தவர்களின் பெயர் மட்டும்தான் இருக்கும். அந்த வழக்கம்தான் எனக்கு வசதியாகப் போனது.

எழுதிப் பழக்கம் உள்ளவள் இல்லை நான். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்கச் சொன்னால் கை வேர்க்கும். எழுபது வயது கடந்த பிறகு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால் அது என் மச்சாளுக்காக. மச்சாள் என்றால் என் அண்ணனின் மனைவி. எனக்கு ஐந்து வயது மூத்தவ. சிலாவத்துறைக்குக் கீழே உள்ள எங்கள் கரையில் அவவின் சத்தம் கேட்காத நாள் கிடையாது. கருவாடு காயவைக்கிற இடத்தில் காகம் கலைப்பதற்குக் கல் வேண்டாம், மச்சாள் ஒரு சத்தம் போட்டால் போதும் என்று அண்ணன் சொல்லிச் சிரிப்பார். என்னையும் மச்சாள் என்றுதான் கூப்பிடுவா. என்னைப் பார்த்து அவ சொல்வது இது: "ஆண்டவர் உனக்கு வாயைச் சோறு தின்ன மட்டும்தான் தந்தவர் மச்சாள். மிச்ச வேலைக்கு என்ர வாயை எடுத்துக்கொள்." உண்மைதான். சங்கக் கடையில் அரிசி நிறுவை குறைந்தாலும், மீன் வாங்க வருகிற முதலாளி நண்டைப் பழுது என்று தள்ளினாலும், எனக்காகச் சண்டை பிடித்தது அவவின் வாய்தான்.

எங்களுக்கு நவம்பர் ஆத்துமாக்களின் மாதம். மே மாதம் மாதாவுக்கு, ஒக்டோபர் செபமாலைக்கு, டிசம்பர் பாலனுக்கு. நவம்பர், தங்களுக்காகத் தாங்களே கேட்க முடியாதவர்களுக்கு. முதலாம் திகதி மோட்சத்தில் இருக்கிற அர்ச்சியசிட்டவர்களின் திருநாள். அவர்களுக்கு எங்கள் தயவு தேவையில்லை. இரண்டாம் திகதி, மோட்சத்துக்கும் போகாமல் நரகத்திலும் விழாமல் உத்தரிக்கிற தலத்தில் வேதனைப்பட்டுக் காத்திருக்கிறவர்களின் நாள். அன்றைக்குச் சேமக்காலைக்குப் போய், மழையில் தாழ்ந்துபோன குழிகளுக்கு மண் போட்டு, சிலுவைக்குச் சுண்ணாம்பு பூசி, மெழுகுதிரி கொளுத்துவோம். காலமும் அதற்கு ஏற்றதுதான். சோளகம் ஓய்ந்து வாடைக்காற்று தொடங்கியிருக்கும். கடல் கலங்கும். வள்ளங்களைக் கரைக்கு ஏற்றிக் கவிழ்த்துவிடுவார்கள். உப்புத்தரவை வெளியில் மழைத்தண்ணீர் ஏறி, எங்கிருந்தோ பூநாரைகள் வந்து இறங்கும். தொழில் இல்லாத வீட்டில் ஆள்களுக்குச் செத்தவர்களை நினைக்க நேரம் கிடைக்கும். என் பேத்தி சொன்னாள், நவம்பர் என்றால் ரோமாபுரிக்காரரின் பேச்சில் ஒன்பதாவது என்று அர்த்தமாம். முந்தி அவர்களுக்கு மார்ச்சில்தான் வருசம் பிறந்ததாம். பிறகு முன்னால் இரண்டு மாதங்கள் வந்து சேர, அது பதினோராவதாகிப் போனதாம். "பிழையெண்டு தெரிஞ்சும் பேரை மாத்தேல்லையே?" என்று கேட்டேன். "பழகிப் போச்சுது அம்மம்மா" என்றாள். அதற்குப் பிறகு கலண்டரில் அந்த மாதத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என் நினைப்பு வரும்.

அண்ணன் காணாமல் போனது ஓர் ஐப்பசி மாதக் கடைசியில், காற்று மாறுகிற நேரம். கூடப் போகிறவருக்குக் காய்ச்சல் என்பதால் தனியே போனார். நண்டு வலையைக் கிளப்பிக்கொண்டு விடிய வந்துவிடுவேன் என்றுதான் போனார். விடிந்தது. மத்தியானம் ஆனது. மூன்று நாள் ஊரே தேடியது. வள்ளமும் இல்லை, வலையும் இல்லை, பலகைத் துண்டு ஒன்றுகூடக் கரை ஒதுங்கவில்லை. ஒன்றும் ஒதுங்காததுதான் மச்சாளுக்குப் பிடிமானம். எங்கள் கரையிலிருந்து இழுபட்டுப் போன வள்ளங்கள் இந்தியக் கரையில் ஏறியிருக்கின்றன. பிடிபட்டு அங்கத்தைய சிறையில் மறியலில் கிடந்தவர்கள் வருசம் கழித்துத் திரும்பியிருக்கிறார்கள். தீவுப் பக்கத்தில் ஒருவர் தன் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து பல மாதம் சென்று புதுச் சாரம் உடுத்துக்கொண்டு வந்து, மாலை போட்ட தன் படத்துக்கு முன்னால் நின்று, "இதில நான் வடிவாத்தான் இருக்கிறன்" என்று சொன்னாராம். மச்சாள் அந்தக் கதையை எல்லாருக்கும் சொல்லுவா. சொல்லிச் சொல்லி அந்த மனிதர் எங்கள் வீட்டு ஆள் போலவே ஆகிவிட்டார். அவ தாலியைக் கழற்றவில்லை. நிறச் சேலைதான் கட்டினா. அண்ணனின் சேட்டுகளைக் கிழமைக்கொருக்கால் வெயிலில் போட்டு எடுத்து மடித்து வைப்பா.

எனக்கு வேறு பயம். அண்ணன் நல்லவர். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை நேரத்தில் கரையில் கடதாசிச் சீட்டு விளையாடிக்கொண்டிருப்பார். மூன்று பாஸ்காத் திருநாளுக்கு அவர் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யவில்லை. நான் எண்ணி வைத்திருந்தேன். செத்துத்தான் போனார் என்றால் அவருக்குச் சாகும் நேரத்து அவஸ்தைப்பூசுதல் இல்லை, அடக்கப் பூசை இல்லை, குழி இல்லை. ஒருவரும் அவருக்காக மன்றாடவும் இல்லை. மன்றாடினால் செத்தார் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும், அதற்கு மச்சாள் விடமாட்டா. இரவில் படுத்தால் அவர் தண்ணீரில் கிடப்பது எனக்குத் தெரியாது. நெருப்பில் நிற்பதுதான் தெரியும்.

அடுத்த வருசத்து நவம்பர் வந்தது. அந்த வருசம் இரண்டாம் திகதிப் பூசையில் எங்கள் சுவாமியார் இந்த நாள் எப்படி வந்தது என்று பிரசங்கம் வைத்தார். ஆயிரம் வருசத்துக்கு முன்னால், யாத்திரை போய்க் கப்பலில் திரும்பிய ஒருவரைப் புயல் ஒரு தீவில் எறிந்ததாம். அங்கே தனியே இருந்த ஒரு தவசி, பாறை வெடிப்புக்குள்ளிருந்து ஆத்துமாக்கள் அழுகிற சத்தம் தனக்குக் கேட்கிறதென்றும், உலகத்தில் யாராவது அவர்களுக்காக மன்றாடினால் அந்த ஆத்துமா விடுதலையாகிப் போகிறதென்றும் சொன்னாராம். யாத்திரைக்காரர் ஊர் திரும்பி ஒரு மடத்துத் தலைவரிடம் இதைச் சொல்ல, அவர்தான் நவம்பர் இரண்டாம் திகதியை ஆத்துமாக்களுக்கென்று குறித்தாராம். நான் முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டேன். கடல், பாறை, அழுகிற சத்தம். எனக்கு அது அண்ணனின் சத்தமாகவே கேட்டது. பூசை முடிந்து வெளியே வந்தால், மச்சாள் முகம் மலர்ந்து நிற்கிறா. என் கையைப் பிடித்து, "கேட்டனியே மச்சாள்? புயல் தூக்கி எறிஞ்ச ஆள் திரும்பி வந்து கதை சொல்லியிருக்கிறான். சுவாமி எனக்காகத்தான் சொன்னவர்" என்றா. ஒரே கதையை ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து கேட்டோம். அவ வந்தவரைக் கேட்டா. நான் அழுதவரைக் கேட்டேன்.

அன்றைக்கு மூன்றாம் நாள் என் வீட்டுத் துண்டை எழுதினேன். ஐயா, அம்மா, பிறந்த கிழமையிலேயே போன என் மூத்த பிள்ளை. எழுதி மடித்துவிட்டு இன்னொரு துண்டு கிழித்தேன். அதில் அண்ணனின் பெயரை மட்டும், என் எழுத்து என்று தெரியாமல், பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதுவது போலப் பெரிய பெரிய எழுத்தாக எழுதினேன். பெயர்கள் நிறைய. ஒரு மாதத்தில் எல்லாவற்றையும் வாசித்து முடிப்பதில்லை. மிச்சம் இருப்பதை அப்படியே பீடத்தில் வைத்து மன்றாடுவார்கள். கடைசி ஞாயிறு எல்லாத் துண்டையும் சேமக்காலைச் சிலுவையடியில் எரித்துவிடுவார்கள். வாசிக்காமலே போகலாம், ஆண்டவருக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்று நினைத்தேன். இல்லை. இப்படித்தான் இவ்வளவு காலமும் எனக்கு நானே சொல்லி வந்தேன். வாசிக்க வேண்டும் என்று எனக்குள் ஓர் ஆசை இருந்தது. கோயில் முழுக்கச் சேர்ந்து ஒருமுறையாவது அண்ணனுக்காக "நித்திய இளைப்பாற்றி" செபம் சொல்வதைக் கேட்க வேண்டும் என்று இருந்தது.

மூன்றாம் ஞாயிறு மூப்பர் வாசித்தார். அவர் பெயர்களைப் பார்த்து யோசித்து வாசிக்கிறவர் இல்லை. கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் ஓதிக்கொண்டு போவார். அண்ணனின் பெயர் அவர் வாயிலிருந்து வந்து விழுந்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. வாசிப்பு நின்றது. யாரோ ஒரு பொம்பிளை "ஐயோ" என்றா. மச்சாள் எழும்பினா. சத்தம் போடுவா என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவ ஒரு சொல்லும் பறையவில்லை. பக்கத்தில் இருந்த தன் சின்ன மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, செருப்பையும் போடாமல், கோயில் வாசலால் இறங்கிப் போனா. அந்த வாய் மூடிக் கிடந்ததை நான் அன்றைக்குத்தான் முதல்முதல் பார்த்தேன். கோயில் "நித்திய இளைப்பாற்றி" சொன்னது. நான் சொல்லவில்லை.

கோயிலில் பெயர் வாசித்தால் குடும்பம் ஒப்புக்கொண்டதாகத்தான் ஊர் எடுக்கும். அன்று பின்னேரமே பொம்பிளைகள் மச்சாள் வீட்டுக்கு, செத்தவீட்டுக்குப் போவது போல, சீனியும் தேயிலையும் கொண்டு வந்து பாயில் இருந்துவிட்டார்கள். ஒரு வருசமாக அடக்கி வைத்த அழுகை. ஒரு ஆள் தொடங்க எல்லாரும் தொடங்கினார்கள். நானும் ஓரத்தில் இருந்தேன். மச்சாள் முற்றத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தவ, கத்தியைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே வந்தா.

"ஆரெடி செத்தது?" என்று கேட்டா. "பிரேதம் எங்க? காட்டுங்கோ. பிரேதத்தைக் காட்டிப்போட்டு இருந்து அழுங்கோ. இல்லாட்டி எழும்பிப் போங்கோ, எனக்கு மீன் பழுதாப் போகுது."

அந்த நேரம் பார்த்து மச்சாளின் தாய் வந்து சேர்ந்தா. நான் அவவை மாமி என்று கூப்பிடுவேன். மாமியின் கையில் கடதாசிப் பை. பைக்குள் வெள்ளைச் சேலை. ஒரு மாதம் முன்பே வாங்கி வைத்திருந்ததாம். மகள் இளமையில் இப்படித் தொங்கிக்கொண்டு நிற்கக்கூடாது, துக்கத்தை ஒருக்கால் கொண்டாடி முடித்துவிட்டு வேறு வாழ்க்கையைப் பார்க்கட்டும் என்பது மாமியின் எண்ணம். அதைப் பல தரம் வாய்விட்டுச் சொன்னவ. மச்சாள் சேலையைப் பார்த்தா, தாயைப் பார்த்தா.

"நீங்கள்தான் பேர் குடுத்தனீங்கள்."

"எனக்கு எழுதத் தெரியுமே பிள்ளை? கையெழுத்துக்கே விரல் வைக்கிறனான்."

"ஆரையும் பிடிச்சு எழுதுவிச்சிருப்பீங்கள். சீலை வாங்கத் தெரிஞ்ச ஆளுக்கு ஒரு துண்டு எழுதுவிக்கத் தெரியாதே?"

"மாதாவாணை நானில்லையடி. என்ர கண்ணாணை." மாமி பாயில் இருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தா, யாராவது தனக்காக ஒரு சொல் சொல்லமாட்டார்களா என்பது போல. என் முகத்துக்கும் வந்தா. நான் பாயில் இருந்த கோரையை விரலால் எண்ணிக்கொண்டிருந்தேன்.

சொல்லியிருக்கலாம். "நான்தான்" என்று ஒரு சொல். அது என் வாயில் வந்து நின்றது, எனக்கு அதன் உருசிகூட ஞாபகம் இருக்கிறது. இவ்வளவு பேருக்கு முன்னால் வேண்டாம், நாளைக்குத் தனியே சொல்லுவோம் என்று விழுங்கினேன். மறுநாள் மச்சாள் கோபக்கொதியில் இருந்தா. நத்தாருக்குப் பிறகு என்று வைத்தேன். பிறகு பாஸ்காவுக்குப் பிறகு. ஒரு வருசம் போன பிறகு, ஏன் இவ்வளவு நாளும் சொல்லவில்லை என்று கேட்பாவே என்கிற பயம் முதல் பயத்தைவிடப் பெரிதாகிவிட்டது. பாவசங்கீர்த்தனத்திலும் "பொய் சொன்னேன், கோபப்பட்டேன்" என்று மொத்தமாகச் சொல்லிவிட்டு, மூன்று அருள்நிறைந்த மரியே செப அபராதத்தோடு எழும்பி வந்துவிடுவேன்.

மச்சாள் தாயோடு கதைப்பதை விட்டா. மாமி வாசலில் வந்து நின்றால் பின்பக்கத்தால் கிணற்றடிக்குப் போய்விடுவா. கொஞ்ச வருசத்தில் சண்டை வந்து ஊரே எழும்ப வேண்டி வந்து, எல்லாரும் கையில் அகப்பட்டதோடு மன்னார்ப் பக்கம் போனோம். அங்கே ஓலைக் கொட்டிலில் மாமி வருத்தமாய்க் கிடந்தா. ஒருநாள் நான் கஞ்சி கொண்டுபோனபோது, "அவளுக்குச் சொல்லு பிள்ளை, நான் செய்யேல்லை எண்டு. நீ சொன்னால் நம்புவாள்" என்று என் கையைப் பிடித்தா. "ஓம் மாமி" என்றேன். சொல்லவில்லை. மாமிக்கு என்னில் சந்தேகம் இருந்ததா, இல்லை வெறுமனே நம்பித்தான் கேட்டாவா என்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது. பத்து நாளில் மாமி போய்விட்டா. அடக்கத்துக்கு மச்சாள் வந்தா. ஒரு பிடி மண் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனா.

இதில் என்னைத் தின்றது இன்னொன்று. மச்சாளுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. ஒவ்வொரு நவம்பரும் தன் வீட்டுத் துண்டை எழுதுவித்துக்கொள்ள என்னிடம்தான் வருவா. ஊரில் இருந்தாலும், இடம்பெயர்ந்த இடத்தில் இருந்தாலும், திரும்பி வந்து கூரையில்லாத கோயிலில் பூசை கண்ட காலத்திலும். கலண்டர்த் தாளைக் கிழித்துக் கொண்டுவந்து பின்பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்துவிட்டு, பெயர்களைச் சொல்லுவா. தகப்பன், தமையன், பெரியம்மா. சொல்லி முடித்து, "அவ்வளவுதான். வேற ஆரும் இல்லை" என்று என் கையைப் பார்த்துக்கொண்டே இருப்பா, கை வேறு பெயர் எழுதிவிடுமோ என்பது போல. மாமி செத்த வருசம், "அம்மாவையும் போடு" என்றா. போட்டேன். "அவ செய்ததை ஆண்டவர் மன்னிக்கட்டும். நான் இன்னும் மன்னிக்கேல்லை" என்றா. அதே கையால், அதே பேனையால், செய்யாத பாவத்துக்கு மன்னிப்புக் கேட்டு மாமியின் பெயரை நான் எழுதினேன். முப்பது வருசத்துக்குக் கிட்ட எழுதினேன். மன்னாருக்குக் கிளினிக் போகிற நாளில் மட்டும் மாமியின் குழியடிக்கும் போய் ஒரு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வருவேன். அதையும் ஒருவருக்கும் சொல்லாமல்தான்.

போன வருசம் நவம்பர். மச்சாள் பொல்லை ஊன்றிக்கொண்டு வந்தா. இப்போது எண்பதுக்குக் கிட்டப் போகிறா. தாலி கழுத்தில்தான். நான் முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தேன். கதிரையில் இருந்து மூச்சு வாங்கிவிட்டுக் கலண்டர்த் தாளை நீட்டினா.

"இந்த முறை அம்மாவை முதல்ல எழுது."

"ஏன் மச்சாள்?"

"கனவில வாறா. ஒண்டும் பறையிறா இல்லை, நிண்டு பாக்கிறா. எனக்கும் காலம் கிட்டுது. அங்க போனா முதல்ல அவவைத்தான் காணுவன். கண்டவுடன கேக்கோணும், ஏனம்மா அப்பிடிச் செய்தனீங்கள் எண்டு. நினைச்சு நினைச்சு நெஞ்சு நோகுது மச்சாள். என்ன சொல்லுவா எண்டு நினைக்கிறாய்?"

பேனை என் கையிலிருந்தது. மாமியின் பெயரில் முதல் எழுத்தைப் போட்டிருந்தேன். இரண்டாவது எழுத்து வரவில்லை.

"அவ செய்யேல்லை மச்சாள்" என்றேன். "நான்தான் எழுதினனான்."

அவவுக்குக் காது கொஞ்சம் மந்தம். "ஓம், நீதானே எழுதிறனி" என்றா. நான் எழும்பிப் போய் அவவின் காதடியில், அண்ணனின் பெயரையும் சொல்லி, அந்தத் துண்டையும் சொல்லி, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிய எவ்வளவு நேரம் எடுத்தது என்று தெரியாது. அடுப்பில் உலை பொங்கி வழிந்து நெருப்பு அவிந்துபோனது. கத்துவா என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் நல்லது. அவ தன் முழங்காலைத் தடவிக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி இருந்தா. பிறகு என் கையிலிருந்த தாளை எடுத்து, ஓர் எழுத்து எழுதியிருந்த அந்தத் தாளை, நாலாக மடித்து இடுப்பில் செருகினா.

"அம்மா மாதாவாணை எண்டு சத்தியம் பண்ணினவ" என்றா. வாசலில் போய் நின்று திரும்பினா. "எனக்கு நீ சொல்லிப்போட்டாய். அம்மாவுக்கு ஆர் சொல்லுறது?"

அதற்குப் பிறகு அவ என்னோடு கதைக்கவில்லை. நத்தாருக்கு நான் அனுப்பிய பலகாரத் தட்டு, மூடிய துணியும் எடுக்காமல் திரும்பி வந்தது. கோயிலில் என்னைக் கண்டால் மற்றக் கரை வாங்குக்குப் போய்விடுவா. பிழை சொல்ல எனக்கு வாயில்லை. ஒருநாள் வைத்தியரைக் காண ஒரே பஸ்ஸில் போனோம். ஒரே சீற்றில் இருந்தோம், வேறு இடம் இருக்கவில்லை. முசலிச் சந்தியில் ஏறினது முதல் மன்னார்ப் பாலம் வரைக்கும் அவ யன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தா.

இந்த நவம்பர் பிறந்தது. கோயிலுக்கு இப்போது ஓடு போட்டு, மின்விசிறியும் பூட்டியிருக்கிறது. விசுக்கோத்துத் தகரம் இடம்பெயர்வில் தொலைந்தது. அந்த இடத்தில் மூடி போட்ட பிளாஸ்ரிக் பெட்டி. பெயர் வாசிப்பதும் மூப்பர் இல்லை, பாட்டுக் குழுவில் இருக்கிற ஒரு குமர்ப்பிள்ளை ஒலிவாங்கியில் வாசிக்கிறாள். மச்சாள் தன் துண்டை மகளைக் கொண்டு எழுதுவித்துப் போட்டதாகக் கேள்விப்பட்டேன். இவ்வளவு வருசத்தில் முதல் தரமாக நவம்பரில் என் வாசலுக்கு ஒருவரும் கலண்டர்த் தாளோடு வரவில்லை. என் வீட்டுத் துண்டை எழுதிப் போட்டேன். பிறகு இன்னொரு துண்டு கிழித்தேன். அதில் மாமியின் பெயரை எழுதினேன், என் சொந்த எழுத்தில், மறைக்காமல். அதற்குக் கீழே என் பெயரையும் எழுதினேன். அப்படி எழுதுகிற வழக்கம் எங்கள் கோயிலில் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பெயரில்லாத துண்டு ஒன்றால் வந்த வினை இது. இதையும் பெயரில்லாமல் போட எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாம் ஞாயிறு அந்தப் பிள்ளை பெட்டிக்குள் கை விட்டு எடுத்த துண்டுகளில் முதலில் மச்சாளின் துண்டு வந்தது. மாமியின் பெயர் முதலாவதாக இருந்தது. அண்ணனின் பெயர் இல்லை. இன்னும் இரண்டு வீட்டுத் துண்டுகளுக்குப் பிறகு, திரும்பவும் மாமியின் பெயர். அதோடு சேர்த்து, மூச்சு விடாமல், என் பெயர். பிள்ளைக்கு என்ன தெரியும், துண்டில் உள்ளதெல்லாம் செத்தவர்களின் பெயர்தானே. "இவர்களுடைய ஆத்துமாக்களுக்காக மன்றாடுவோம்" என்றாள்.

உடம்பு முழுக்கக் குளிர்ந்துபோனது எனக்கு. சனம் திரும்பி என்னைப் பார்ப்பது தலை குனிந்திருந்தும் தெரிந்தது. அந்த ஒரு நிமிசத்தில் நான் நினைத்தது மானத்தை இல்லை. அன்றைக்கு அண்ணன் எங்காவது ஒரு மறியலில், ஏதாவது ஒரு கரையில் உயிரோடு இருந்திருந்தால், அவருக்கும் உடம்பு இப்படித்தான் குளிர்ந்திருக்குமோ என்று நினைத்தேன். முப்பது வருசத்துக்கு மேலாக அவரை நெருப்பில் மட்டும்தான் நான் கண்டிருக்கிறேன். உயிரோடு ஒருநாளும் நினைத்துப் பார்த்தது கிடையாது. அவர் உயிரோடு இருந்தது மச்சாளிடம் மட்டும்தான்.

அப்போது மற்றக் கரையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. காகம் கலைக்கிற சத்தம்.

"ஏய் பிள்ளை! அது உயிரோட இருக்கிற ஆளடி. அங்க முக்காட்டுக்குள்ள ஒளிச்சுக்கொண்டு இருக்கிறா பார். அதை விட்டிட்டு மற்றதை வாசி."

கோயில் சிரித்தது. பாதரும் சிரித்தார். அந்தப் பிள்ளை நாக்கைக் கடித்துக்கொண்டு துண்டை அடியில் வைத்தாள்.

பூசை முடிந்து நான் கடைசி ஆளாகத்தான் வெளியே வந்தேன். எல்லாரும் போயிருப்பார்கள் என்று நினைத்தேன். மச்சாள் படியடியில் பொல்லால் தன் செருப்பைத் தேடிக் கிளறிக்கொண்டு நின்றா. செருப்பு அவவின் காலடியிலேயே இருந்தது. என்னைப் பார்க்கவில்லை.

"உன்ர பேரை ஏன் போட்டனி?" என்று செருப்பைக் கேட்பது போலக் கேட்டா.

"ஆர் எழுதினதெண்டு தெரியத்தான்."

"ஆருக்கு?"

"மாமிக்கு" என்றேன்.

அவ ஒரு காலைச் செருப்புக்குள் நுழைத்தா. மற்றக் காலை நுழைக்க முடியாமல் தடுமாறியபோது, பிடிமானத்துக்காக, யார் என்று பார்க்காமலே, என் தோளில் கையை வைத்தா. செருப்பு ஏறின பிறகும் அந்தக் கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு அதை எடுத்துக்கொண்டு, வாடைக்காற்றில் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகி, தனியே நடந்து போனா.